மிஷின் ஓடிய முதல் நாள்

மணிமாறன் சார் பெரம்பலூரை விட்டுப் போனது 2024 செப்டம்பர் 16, திங்கட்கிழமை. முப்பது வருடம் இந்த ஊரில் ஆடிட்டராக இருந்தவர், மெல்போர்னில் இருக்கும் மகள் வீட்டோடு போய்த் தங்கப் புறப்பட்டார். புது பஸ் ஸ்டாண்டில் வழியனுப்ப மூன்று பேர் நின்றார்கள். அதில் ஒருவர் வேறு யாரையோ ஏற்றிவிட வந்தவர். சென்னை பஸ் நகர்ந்தபோது சார் ஜன்னல் வழியாகச் சொன்ன கடைசி வார்த்தை, "பிரிண்டருக்கு இங்க் தீரப்போவுது."

அதைக் கேட்டுத் தலையாட்டியவர் மலர்க்கொடி. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை, எனக்குச் சித்தி. சாரின் ஆபீசில் இருபத்தோரு வருடம் வேலை பார்த்தவர்.

ஆடிட் தேவைப்படும் பெரிய கணக்குகளை எல்லாம் சார் திருச்சிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது, ஆளுக்கு ஒன்றாகக் கயிறு போட்டு வைத்த முப்பத்து நான்கு கணக்குக் கட்டு. அவற்றையும், பாலக்கரை பக்கத்து மாடி அறையையும் சித்தியிடம் விட்டார். அறைக்குக் கொடுத்திருந்த அட்வான்ஸை வாடகையில் கழித்துக்கொள்ளும்படி கட்டட உரிமையாளரிடம் சொல்லியிருந்தார். கணக்குப் போட்டால் பதினெட்டு மாதம் வரும்.

"அதுக்குள்ள ஆளுங்க ஒங்கிட்ட நின்னுட்டா ரூமு ஒன்னுது. நிக்கலைன்னா சாவியக் குடுத்துட்டு எங்கயாவது வேலைக்குப் போயிரு," என்றார் சார். அவர் பேச்சில் இதற்கு மேல் அன்பு இருந்ததில்லை.

சித்திக்கு அப்போது நாற்பத்தாறு வயது. குன்னம் பக்கம் பிறந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். சித்தி தபால் வழியில் பி.காம் முடித்தார். கணவர் சிங்கப்பூரில் இருப்பதாக ஊரில் சொல்வார்கள். சிங்கப்பூரில்தான் இருக்கிறார், வேறு குடும்பத்தோடு. மகள் திருச்சியில் நர்சிங் படிக்கிறாள். சித்தியின் சொந்த மேசை என்று ஒன்று அமைந்தது அந்தத் திங்கட்கிழமைதான். அன்றே இங்க் வாங்கினார்.

ஆபீசில் சித்திக்கு என்று ஒரு வேலை இருந்தது. தேய்மானப் பட்டியல். யார் என்ன மிஷின் வாங்கினாலும் அது வருடத்துக்கு எவ்வளவு தேய்ந்ததாகச் சட்டம் ஒத்துக்கொள்ளும் என்று எழுதுகிற அட்டவணை. அந்தத் தொகையை லாபத்தில் கழித்துக்கொள்ளலாம், வரி குறையும். அதனால் மிஷின் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தங்கள் மிஷின் சீக்கிரம் தேய வேண்டும் என்று ஆசை. வாங்கும்போது இருபது வருடம் உழைக்கும் என்று கடைக்காரரிடம் சத்தியம் வாங்கியவர்கள், சித்தியிடம் வந்ததும் மூன்று வருடம் தாங்கினால் அதிகம் என்பார்கள்.

"ஆயுசு எவ்வளவுக்கா போடுவீங்க?" என்றுதான் கேட்பார்கள். ஜாதகம் கொண்டுவந்தவர்கள் மாதிரி. அதனால் அவருக்கு ஆயுசு போடுற அக்கா என்று பேர் வந்துவிட்டது.

"நான் எதையும் போடறதில்லைங்க. சட்டம் போட்டத எழுதறேன்," என்பார் சித்தி.

பொதுவான மிஷினுக்குப் பதினைந்து சதவீதம். வாடகைக்கு ஓட்டும் லாரிக்கு முப்பது. கம்ப்யூட்டருக்கு நாற்பது. இது தெரிந்த நாளிலிருந்து பெரம்பலூரில் பல மிஷின்கள் கம்ப்யூட்டராக மாறப் பார்த்தன. எடை மேடை வைத்திருக்கும் முத்தமிழ்செல்வன் ஒவ்வொரு வருடமும் கேட்பார்.

"நாப்பது போடலாம்லக்கா? உள்ள கம்ப்யூட்டரு இருக்கு."

"கம்ப்யூட்டரா எடை தாங்குது?"

"இல்ல, காட்டுது."

"காட்டுறதுக்கு நாப்பது. லாரி ஏறி நிக்கிறதுக்குப் பதினஞ்சு."

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க."

"போன வருசமும் லாரிதான ஏறுச்சு?"

இன்னொரு விஷயமும் உண்டு. ஒவ்வொரு வருடமும் மிச்சத்தில்தான் சதவீதம் கழியும். அதனால் எந்த மிஷினும் பட்டியலில் முழுசாகச் செத்துப்போவதில்லை. விற்காமல், கண்டுகொள்ளாமல் மூலையில் போட்ட ஒரு மாவு மிஷினின் மதிப்பு சித்தியின் ஒரு கட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாயில் நிற்கிறது. அதன் முதலாளி காலமாகிவிட்டார். மிஷின் வருடா வருடம் தேய்ந்துகொண்டு வருகிறது.

சட்டம் சித்தியிடம் விட்டுவைத்த ஒரே கேள்வி, மிஷின் என்றைக்கு வேலைக்கு வந்தது என்பது. வாங்கிய வருடத்தில் நூற்று எண்பது நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அந்த வருடத்துக்குப் பாதிதான். நிதி ஆண்டு மார்ச்சில் முடிவதால், அக்டோபர் மூன்றாம் தேதிக்குள் ஓடியிருக்க வேண்டும். அதனால் சித்தி பில் தேதியைப் பார்த்துவிட்டு அடுத்ததாகக் கேட்பது, "என்னைக்கு ஓடுச்சு?" அதற்கென்று நீள நோட்டு ஒன்று வைத்திருந்தார். நெல் அறுக்கும் மிஷின், மக்காச்சோளம் அடிக்கும் மிஷின், ஜெராக்ஸ் மிஷின் எல்லாவற்றுக்கும் முதல் நாள் அதில் இருந்தது.

நான் ஆறு வருடம் வெளிநாடுகளில் அலைந்துவிட்டு 2025 மே மாதம் ஊருக்கு வந்தேன். வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்ததில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. "போயி மலருக்கு டைப் அடிச்சுக் குடுடி," என்று அனுப்பினாள். அதனால்தான் ராஜதுரை வந்த அன்று நான் அங்கே இருந்தேன்.

ராஜதுரைக்கு முப்பத்தெட்டு வயது. கீழப்பழுவூரில், திருமானூர் போகிற ரோட்டோரம், ஹாலோ பிளாக் கல் போடும் தொழில் ஆரம்பித்திருந்தார். சித்தியின் முப்பத்து நான்கு கட்டில் பதினொன்று அவருடைய சொந்தக்காரர்களுடையது. எல்லாம் சிமெண்ட் ஆலைக்கு ஓடும் லாரிகள். கூட்டத்தில் கொஞ்சம் படித்தவர் என்பதால் அந்தக் கட்டுகளைக் கொண்டுவருவதும் வாங்கிப்போவதும் அவர்தான்.

மிஷின் பன்னிரண்டு லட்சம். பில் தேதி போன வருடம் செப்டம்பர் நான்கு. வந்து இறங்கியது ஒன்பது.

"என்னைக்கு ஓடுச்சு?"

"ஆயுத பூச அன்னைக்குக்கா. அக்டோபர் பதினொண்ணு. எங்க மாமனாருதான் சுவிட்ச் போட்டாரு. போட்டோ இருக்கு."

போட்டோ இருந்தது. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் மாமனார் தங்கராசு, சுவிட்சில் விரல் வைத்தபடி காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தி விரல் விட்டு எண்ணினார். "நூத்தி எழுவத்திரண்டு நாளு. எட்டு நாளு கொறயுது. ஒரு மாசம் சும்மாவா கெடந்துச்சு?"

"சும்மாதான்க்கா கெடந்துச்சு."

"கரண்ட் அட்டையக் கொண்டாந்தீங்களா?"

"அது எதுக்குக்கா?"

"அடுத்த வாரம் கொண்டாங்க," என்றார் சித்தி. அடுத்த வாரம் ராஜதுரை அட்டையைக் கொண்டுவரவில்லை. அதற்கடுத்த வாரம் நானும் சித்தியும் ஸ்கூட்டரில் கீழப்பழுவூர் போனோம். போகும் வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். சித்தி ஒவ்வொன்றையும் பார்த்து, "இது நம்ம கட்டு, இது நம்ம கட்டு இல்ல," என்று பின்னால் சொல்லிக்கொண்டு வந்தார்.

கொட்டகையில் ராஜதுரை இல்லை. மனைவி சிவரஞ்சனி இருந்தாள். கேட்டதும் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். செப்டம்பர் 28-ஆம் தேதி எடுத்த ரீடிங்கில் அறுநூற்றுப் பதினோரு யூனிட் ஓடியிருந்தது. ராஜதுரை வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது அட்டை சித்தி கையில் இருந்தது. மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"என்ன ஏன் பாக்குறீங்க? கேட்டாங்க, குடுத்தேன். மறைக்கணும்னா எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும்," என்றாள் சிவரஞ்சனி.

"வெள்ளோட்டம் பாத்தோம்க்கா," என்றார் ராஜதுரை.

"வெள்ளோட்டத்துக்கு அறுநூத்துப் பதினோரு யூனிட்டா?"

"புது மிஷினுக்கா. கூச்சப்பட்டுச்சு."

"எத்தன கல்லு போட்டுச்சு, கூச்சத்துல?"

ராஜதுரை கொட்டகை மூலையைப் பார்த்தார். "ரெண்டாயிரத்து எறநூறு."

"கல்ல என்ன பண்ணுனீங்க?"

"வித்துட்டோம்."

"வித்துட்டா அது வெள்ளோட்டம் இல்ல தம்பி. வியாபாரம். என்னைக்கு?"

செப்டம்பர் 22, 23, 24. மூன்று நாள். ஒரு காம்பவுண்டு சுவருக்குக் கல் அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த மூன்று நாளும் மாளய பட்சம். முன்னோருக்கு உரிய அந்தப் பதினைந்து நாளில் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது என்பது தங்கராசுவின் கறாரான கொள்கை. மிஷினுக்கு அவர் நான்கு லட்சம் கொடுத்திருந்தார். மாளயம் கழிந்து, ஆயுத பூஜை அன்று, தன் கையால்தான் ஓட வேண்டும் என்பது அதற்கு அவர் போட்ட ஒரே நிபந்தனை. ராஜதுரை கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு ஓட்டிவிட்டார். பிறகு மிஷினைக் கழுவித் துடைத்துப் புதிதுபோல நிறுத்தினார். விற்ற கல்லுக்கு அக்டோபரில் பில் போட்டார். மாமனார் சுவிட்ச் போட்டபோது எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மூன்று நாளும் மிஷினில் நின்றவர்கள்தான் முதலில் தட்டினார்களாம்.

"அப்ப நூத்தி தொண்ணூத்தியோரு நாளு ஓடியிருக்கு. முழுசா பதினஞ்சு சதவீதம் வரும். ஒரு லட்சத்து எம்பதாயிரம்," என்றார் சித்தி.

"வேணாம்க்கா. பாதி போடுங்க."

சித்தி கண்ணாடியைக் கழற்றினார். "கூட வேணும்னு கேட்டவங்கள இருவத்தோரு வருசமா பாக்குறேன். பாதி போதும்னு கேக்குறவர இப்பதான் பாக்குறேன்."

"மாமா படிப்பாருக்கா."

"வருமான வரி ரிட்டனையா?"

"ரெண்டாவது மிஷினு லோனுக்கு அவருதான் ஜாமீன். ரிட்டன் காப்பி அவரு கைக்குப் போவும். அவரு ஃபேக்டரி டைம் ஆபீசுல முப்பத்தோரு வருசம் இருந்தவரு. ஒரு நிமிசம் லேட்டுன்னா அரை நாளு வெட்டுன ஆளு. முழுசுன்னு பாத்தாருன்னா அக்டோபர் மூணுக்கு முன்னாடி ஓடியிருக்குன்னு கண்டுபுடிச்சிருவாரு."

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் ஒரு சதவீதத்தைப் பார்த்து மாளய பட்சத்தைக் கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் அநேகமாக அவர் ஒருவர்தான். ராஜதுரைக்கு அவர் மாமனாராக வாய்த்திருந்தார்.

"பாதி போட்டா நட்டம் எனக்குத்தான? கவர்மெண்டுக்கு லாபம். நீங்க ஏன்க்கா மெனக்கெடுறீங்க?"

"அந்த மூணு நாளு வேல செஞ்சவங்களுக்குக் கூலி?"

"பூச முடிஞ்சி சேத்துக் குடுத்துட்டேன். அந்த மூணு நாள நோட்டுல எழுதல."

சித்தி அட்டையைச் சிவரஞ்சனியிடம் திருப்பிக் கொடுத்தார். "தேதிய மாத்தி என்னால எழுத முடியாது தம்பி."

"அப்ப கட்ட எடுத்துக்குறேன்க்கா." கோபமாகச் சொல்லவில்லை. "எங்க ஆளுங்க கட்டு பதினொண்ணும் எங்கூடத்தான் வரும். அவங்கள தனியா நிறுத்த முடியாது."

"தெரியும்."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே கேட்டேன். "சித்தி, பாதின்னு எழுதுனா யாருக்கு என்ன போச்சு?"

அரியலூர் தாண்டினோம். ரயில்வே கேட்டில் நின்றபோது சொன்னார். அவர் அப்பா அம்மா வேலை பார்த்த நிலத்துக்காரர், சித்திரையில் நல்ல நாள் பார்த்து முதல் உழவுக்கு நல்லேர் பூட்டிய நாளிலிருந்துதான் கூலி எண்ணுவாராம். அதற்கு முன்னால் வரப்பு வெட்டியது, முள் பொறுக்கியது, எரு சுமந்தது எல்லாம் வேலை தொடங்குவதற்கு முந்தி நடந்தவை. அதனால் நடக்காதவை. ஒரு வருடம் அப்படி ஒன்பது நாள்.

"நல்ல நாளு வரைக்கும் நாங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்னு எந்த நோட்டுலயும் இல்லடி," என்றார். ரயில் போனது. கேட் திறந்தது. பிறகு வீடு வரும்வரை லாரிகளைக்கூட எண்ணவில்லை.

ஜூலை முதல் வாரம் ராஜதுரை வந்து, தன்னுடையதையும் சேர்த்துப் பன்னிரண்டு கட்டையும் எடுத்துப் போனார். டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு நடை. கயிறு தளர்ந்த கட்டுகளைச் சித்தியே இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். "பார்த்து, மழ வருது," என்றார். மிச்சம் இருபத்திரண்டு.

ராஜதுரையின் ரிட்டன் அரியலூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் பாதித் தேய்மானத்தோடு போனது. கெடுவை அரசு செப்டம்பர்வரை தள்ளிவைத்திருந்தும் அவர் ஜூலையிலேயே முடித்துவிட்டார்.

செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் தங்கராசு மாடி ஏறி வந்தார். வந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார். உட்காரவில்லை.

"ஏம்மா மலர்க்கொடி, எங்க ஆளுங்க கட்டெல்லாம் போயிடுச்சாமே?"

"ஆமாங்கய்யா."

"நான் காப்பி பாத்தேன். நூத்தி எழுவத்திரண்டு நாளுக்குப் பாதி போட்டிருக்கான். எட்டு நாளு கொறஞ்சா பாதி. சட்டத்த சரியாத்தான் வச்சிருக்கானுங்க." முப்பத்தோரு வருடம் அரை நாள் வெட்டியவருக்கு அது பிடித்திருந்தது. "நீ தேதியில கோட்ட விட்டுட்டன்னு மாப்ள சொல்றாரு."

"அப்படிங்களா?"

"அப்படித்தான் சொல்றாரு. நீ கோட்ட விடுற ஆளு இல்லியேன்னு எனக்கு ஒரு இது. அதான் நேர்ல கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். தப்பு பண்ணுனியா இல்லியா?"

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு தேதியைச் சொன்னால் போதும். பதினொரு கட்டும் மறுநாளே திரும்பி வரும்.

"அவரு கட்டுல இருக்கறத அவருதான் சொல்லணும். நான் இன்னொருத்தர்கிட்ட பேசறதில்லைங்கய்யா," என்றார் சித்தி.

"நான் இன்னொருத்தனா? மாமனாருமா."

"தெரியுங்க. டீ சொல்லட்டுமா?"

"பண்ணலைன்னா பண்ணலைன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான?"

சித்தி சொல்லவில்லை. தங்கராசு, "ஓங் கடியாரம் ரெண்டு நிமிசம் ஸ்லோ," என்று சொல்லி இறங்கிப் போனார். சித்தி எழுந்து முள்ளைத் திருத்தினார்.

"நான் போயி சொல்லிட்டு வரட்டா?" என்றேன்.

"நீ சொன்னா நான் சொன்னதுதான். வேலையப் பாரு."

தங்கராசு பொய் சொல்கிறவர் இல்லை. பதில் சொல்லாதவர்கள் தப்புச் செய்தவர்கள் என்பது டைம் ஆபீசில் அவர் கற்ற பாடம். அதையே வெளியிலும் சொன்னார். தீபாவளிக்குள் மலர்க்கொடிக்குத் தேதி ஞாபகம் நிற்பதில்லை என்பது கீழப்பழுவூரிலிருந்து பாலக்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஜெராக்ஸ் கடைக்காரர் கட்டை வாங்கிப் போனார். நெல் அறுக்கும் மிஷின்காரர் இரண்டு பேர் போனார்கள். இன்னும் மூன்று பேர் ஆள் விட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆயுசு போடுற அக்காவுக்கு ஆயுசு முடிந்தது என்று டீக்கடையில் யாரோ சொன்னதை முத்தமிழ்செல்வன் வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் போகவில்லை. நாற்பது சதவீதத்துக்கு இன்னும் ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

பொங்கல் கழிந்தபோது கட்டு பதினாறு. அதில் வரும் பணம் வாடகைக்கும் மகள் ஹாஸ்டலுக்கும் சேர்த்துக் காணாது. பிப்ரவரியில் சித்தி ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதும் வேலைக்குக் கேட்டு வைத்தார். ஏப்ரல் ஒன்றாம் தேதி வரச் சொன்னார்கள். முதலாளிக்கு இருபத்தாறு வயது. சித்தியிடம், "கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டானாம்.

"நாப்பது சதவீதம்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

சித்தி சிரிக்கவில்லை. "தெரியும்னு சொன்னேன்."

அட்வான்ஸ் மார்ச் பதினைந்தோடு தீர்ந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால், பதினோராம் தேதி புதன்கிழமை, நாங்கள் அறையைக் காலி செய்துகொண்டிருந்தோம். பதினாறு கட்டும் மூன்று சாக்கில் அடங்கிவிட்டன. முதல் நாள்களின் நீள நோட்டை எதில் போடுவது என்று சித்தி கையில் வைத்துக்கொண்டு நின்றார். மதியம் ஒன்றே கால் இருக்கும். மேசையில் கிடந்த அவர் போனில் சத்தம் வந்தது. எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு, கட்டியிருந்த முதல் சாக்கின் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தார்.

"அக்கா, ராஜதுரை. அந்த மூணு நாளு விசயத்த போன மாசம் மாமாகிட்ட சொல்லிட்டேன். பத்து நாளு எங்கூட பேசல. அப்புறம், அந்தப் பொண்ணப் பத்தி நான் ஊரெல்லாம் பேசிட்டனே மாப்ளன்னாரு. பேசுன எடத்துக்கெல்லாம் அவரே போயிட்டு வந்துட்டாரு. ரெண்டாவது மிஷினு எறங்கி நாலு நாளாச்சு. இன்னைக்கு அஷ்டமி, ராகு காலம் வேற. கல்லு அவசரம். 12.40க்கு மாமாதான் சுவிட்ச் போட்டாரு. எங்க கட்டு பன்னெண்டும் சனிக்கிழம கொண்டாரேன், ரூமு அங்கயேதான? மார்ச்சுல ஓடுனா பாதிதான்னு தெரியும்க்கா. தேதி இன்னைக்குன்னே எழுதிக்குங்க."